பெரிய கம்பெனியிடம் ஜாப் ஆர்டர் பேசுவது: புதிதாகப் பட்டறை தொடங்கியவருக்கு

கோவையில் ஒரே ஒரு சி.என்.சி. லேத்தை (கணினி இயக்கும் கடைசல் எந்திரம்) கடனில் வாங்கிப் பட்டறை தொடங்குகிறவர், பம்போ வால்வோ செய்யும் பெரிய கம்பெனி ஒன்றின் பர்ச்சேஸ் அறையில் முதன்முதலாக உட்காரும்போது, பேரம் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டதுபோல் அவருக்குத் தோன்றும். அவர்களிடம் இதே வேலையைச் செய்ய வென்டார்கள், அதாவது வெளிப் பட்டறைக்காரர்கள், இருபது பேர் இருப்பார்கள். நம்மிடம் இருப்பது அந்த ஒரு கம்பெனி, அடுத்த மாதம் 5ஆம் தேதி கட்ட வேண்டிய தவணை, ஓடாமல் நிற்கும் ஓர் எந்திரம். கோவை கணபதியில் பத்தொன்பது ஆண்டுகளாக ஜாப் ஆர்டர், அதாவது கம்பெனி தரும் பொருளைக் கூலிக்குக் கடைந்து கொடுக்கும் வேலை, செய்துவரும் எனக்கு அந்த நாற்காலி இன்றைக்கும் வசதியாக இருப்பதில்லை.

ஆனாலும் அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து ஒன்று தெளிவாயிற்று. கம்பெனி தன் பலம் முழுவதையும் காட்டுவது ‘பீஸுக்கு என்ன ரேட்’ என்ற ஒரே இடத்தில்தான். மாதக் கடைசியில் நம் கைக்கு வரும் பணத்தையோ வேறு ஏழெட்டு விஷயங்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன: லாட் (ஒரு தடவைக்குத் தரும் பீஸ்) எவ்வளவு, ரிஜெக்ஷன் யார் தலையில் விழுகிறது, பில்லுக்குப் பணம் எத்தனை நாளில் வருகிறது, பாகத்தைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸ்சர் யார் செலவு, கடைசலில் விழும் இரும்புத்தூள் யாருக்கு, வண்டி வாடகை யாருடையது, ரேட்டை மறுபடி எப்போது பேசலாம். இவற்றில் பலவற்றை அந்த அறையில் யாரும் அவ்வளவு கண்டிப்பாகக் காவல் காப்பதில்லை. பலம் குறைந்தவர் போய் நிற்க வேண்டிய இடங்கள் அவைதாம்.

முதலில் உங்கள் கணக்கு

பேசப் போவதற்கு முந்தைய இரவு ஒரு நோட்டை எடுத்து, லேத் ஒரு மணி நேரம் ஓடினால் உங்களுக்கு என்ன செலவாகிறது என்று எழுதுங்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். தொகைகளை உங்கள் பட்டறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். 24 லட்சம் ரூபாய்க் கடன், 10 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் தவணை மாதம் ஏறத்தாழ 51,000. இரண்டு ஷிப்டுக்கு ஆபரேட்டர் சம்பளம் 36,000. ஒரு ஷிப்டில் நீங்களே நின்றாலும் அந்தச் சம்பளத்தை எழுதியாக வேண்டும், புதியவர்கள் பலர் தங்களை இலவச ஆளாகக் கணக்கு வைத்து இங்கேதான் ஏமாறுகிறார்கள். இட வாடகை 12,000, மின்சாரம் 15,000, இன்சர்ட்டும் (வெட்டும் முனை) கூலன்ட்டும் ஆயிலும் 12,000, கணக்கர், அளவு பார்க்கும் கேஜ்களின் சரிபார்ப்பு, டீ, பெட்ரோல் என்று 10,000. ஆகமொத்தம் 1,36,000. மாதம் 25 நாள், நாளுக்கு 16 மணி நேரம் என்றால் 400 மணி. கரண்ட் போவது, டூல் உடைவது, காஸ்டிங் (கம்பெனி கடையக் கொடுக்கும் வார்ப்பு) வராமல் காத்துக்கிடப்பது எல்லாம் போக 300 மணி நேரம் உருப்படியாக விற்கக் கிடைத்தால் நல்ல மாதம். ஆக மணிக்கு 453 ரூபாய்.

இப்போது வேலையை வையுங்கள். ஒரு பீஸுக்கு எந்திரம் ஓடுவது 4 நிமிடம், கழற்றி மாட்ட 1 நிமிடம் என்றால் மணிக்கு 12 பீஸ், பீஸுக்கு 37.75 ரூபாய். இதோடு முடியவில்லை. ஒவ்வொரு லாட்டுக்கும் பாகத்தைப் பிடிக்கும் ஜாவை மாற்றி, டூலின் அளவைச் சரிசெய்து, முதல் பீஸ் அளவு பார்க்க இரண்டு மணி நேரம் போகிறது. இந்தச் செட்டிங் வேலைக்கு 906 ரூபாய். லாட் 500 பீஸ் என்றால் இந்தச் செலவு பீஸுக்கு 1.81. லாட் 100 பீஸ் என்றால் பீஸுக்கு 9.06. ஒரே வேலை, ஒரே ரேட், ஆனால் லாட் சுருங்கினால் பீஸுக்கு 7.25 ரூபாய் காற்றில் போகிறது. ரேட்டில் ஐம்பது காசுக்காக அரை மணி நேரம் வாதாடிவிட்டு, ‘லாட் எவ்வளவு சார்’ என்று கேட்க மறந்து எழுந்து வருபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் நானும் நின்றவன்தான்.

இதே போல எல்லாவற்றையும் பீஸுக்கு எத்தனை காசு என்று மாற்றி எழுதிவிடுங்கள். மாதம் ஒன்றரை லட்சத்துக்குப் பில் போடுகிறீர்கள் என்று வைப்போம். பணம் 45 நாளில் வருவதற்குப் பதில் 90 நாளில் வந்தால், கூடுதலாக இரண்டேகால் லட்சம் ரூபாய் எப்போதும் அவர்களிடம் கிடக்கும், வங்கி ஓவர்டிராஃப்ட் வட்டி 12 சதவீதம் என்றால் மாதம் 2,250 ரூபாய், பில் தொகையில் ஒன்றரை சதவீதம். 40 ரூபாய் பீஸுக்கு அது 60 காசு. இந்த நோட்டுப் பக்கம் கையில் இருந்தால், எதை விட்டு எதை வாங்கலாம் என்பது மேசையில் கேள்வி வந்ததும் தெரியும்.

இன்னொரு கோடும் அதே பக்கத்தில் வேண்டும். எந்திரம் சும்மா நின்றாலும் தவணையும் வாடகையும் சம்பளமும் நிற்காது; ஓடுவதால் மட்டும் கூடுகிற செலவு இன்சர்ட்டும் மின்சாரமும், மணிக்கு ஏறத்தாழ 90 ரூபாய். ஆகவே வேலையே இல்லாத மாதத்தில் 453க்குக் கீழே ஒரு ரேட்டை ஏற்பது மடத்தனம் ஆகாது. மடத்தனம் எதுவென்றால், அந்தப் பஞ்ச ரேட்டை ஆண்டு ஆர்டராக எழுதிக்கொடுப்பது. வேலை இல்லாத மாதத்துக்கு ஒப்புக்கொண்ட ரேட் வேலை குவிந்த மாதத்திலும் நம்மைக் கட்டிப்போடும், நல்ல ரேட்டில் வரும் புது ஆளுக்குக் கொடுக்க மணி நேரம் இருக்காது. பஞ்ச ரேட்டென்றால் ‘இந்த 1,000 பீஸுக்கு மட்டும்’ என்று எண்ணிக்கை போட்டு எழுதி வாங்குங்கள்.

எதிரில் உட்கார்ந்திருப்பவர்

கம்பெனி என்று நாம் சொல்வது ஒரே ஆள் மாதிரித் தோன்றினாலும், அங்கே நான்கு பேர் நான்கு கவலையோடு இருக்கிறார்கள். பர்ச்சேஸ் அதிகாரிக்கு மேலிடத்தில் காட்ட வேண்டியது ரேட் குறைப்பு; போன ஆண்டைவிட எத்தனை சதவீதம் குறைத்தார் என்பதைத்தான் அவரிடம் கேட்பார்கள். ஸ்டோர்ஸ்காரருக்கு இடம் நெருக்கடி. குவாலிட்டிக்காரருக்கு வாடிக்கையாளர் புகார் வரக்கூடாது. அசெம்பிளி சூப்பர்வைசருக்கோ திங்கட்கிழமை காலை லைனில் பாகம் இல்லாமல் போனால் பத்துப் பதினைந்து பேர் கைகட்டி நிற்பார்கள் என்ற பயம். நாம் பேசுவது முதல் ஆளோடு. நம்முடைய பலமெல்லாம் மற்ற மூவரிடம் இருக்கிறது.

அதனால் ரேட் பேச வருவதற்கு முன்பே, டெலிவரி கொண்டுபோகும் நாள்களில் ஸ்டோர்ஸிலும் இன்ஸ்பெக்ஷனிலும் ஐந்து நிமிடம் நின்று பேசுங்கள். இந்தப் பாகம் வேறு யாரிடமிருந்து வருகிறது, அவரிடம் என்ன தொந்தரவு, அவசரமாக எப்போது கேட்கிறார்கள் என்பது அங்கே தானாகக் காதில் விழும். புதுப் பட்டறைக்கு வேலையை மாற்றுவது கம்பெனிக்கும் அவ்வளவு லேசில்லை. ஃபிக்ஸ்சர் செய்ய வேண்டும், முதல் சாம்பிளை அளந்து ஒப்புதல் தர வேண்டும், முதல் இரண்டு லாட்டை நூறு சதவீதம் சோதிக்க வேண்டும். வாரக் கணக்கில் ஆகும். ‘நாளைக்கே வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம்’ என்று அறையில் சொல்லப்படும் வாக்கியத்துக்குப் பின்னால் இத்தனை வேலை இருக்கிறது. அதை அவரிடம் சொல்லிக் காட்ட வேண்டாம், அவருக்கே தெரியும். நாம் பதறாமல் இருப்பதற்கு நமக்குத் தெரிந்தால் போதும்.

மேசையில்

போன ஆண்டு ஒரு வால்வு பாடிக்கு நான் விலை பேசிய விதத்தை அப்படியே எழுதுகிறேன். மேலே போட்ட கணக்குதான், 500 லாட்டுக்கு அடக்கம் 39.56. நான் 44 ரூபாய் எழுதிக் கொடுத்திருந்தேன்.

“பக்கத்துல ஒருத்தர் 36-க்குத் தர்றேங்கறாருங்க. நீங்க 44 போட்டிருக்கீங்க” என்றார் அதிகாரி.

“அவருக்கு லாட் எவ்வளவுங்க சார்?”

“அதெல்லாம் தேவைக்குத் தகுந்த மாதிரி. நூறு, நூத்தம்பது.”

“இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் அவரே தர்றாருங்களா? வண்டி?”

அவர் காகிதத்தைப் புரட்டினார். நானும் பேசாமல் இருந்தேன். அந்த அரை நிமிடத்தில் நாமாகவே ‘சரிங்க, 42 போட்டுக்கோங்க’ என்று வாய் திறப்பதுதான் புதியவர்கள் செய்யும் விலை உயர்ந்த தவறு. மௌனம் நமக்குத்தான் சங்கடமாக இருக்கும் என்று நினைக்கிறோம். அவருக்கும் பதினொன்றரை மணிக்கு வேறு மீட்டிங் இருக்கிறது.

“44-க்கெல்லாம் முடியாதுங்க. மேல கையெழுத்து வாங்க முடியாது.”

“மேல என்ன ரேட்டுன்னா கையெழுத்து ஆகுமுங்க சார்?”

“நாப்பதுக்குப் பக்கத்துல வாங்க.”

“40.50 போட்டுக்கலாமுங்க. ஆனா லாட் 500-க்குக் குறையாம வேணும், போரிங் எங்ககிட்டயே இருக்கட்டும். அவசரமா நூறு பீஸ் கேட்டீங்கன்னா செட்டிங் சார்ஜ் 900 தனியா போட்டுக்கறேனுங்க.”

போரிங் என்பது வார்ப்பிரும்பைக் கடையும்போது விழும் தூள். பீஸுக்கு 200 கிராம் விழுந்து, கிலோ 25 ரூபாய்க்குப் போனால் அது பீஸுக்கு 5 ரூபாய். கம்பெனிக்கு அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய் எடைபோட்டு விற்பது ஒரு தலைவலி. பல இடங்களில் கேட்டால் விட்டுவிடுவார்கள், கேட்காவிட்டால் டெலிவரி சலானில் ‘ஸ்கிராப் திரும்பத் தர வேண்டும்’ என்ற பழைய வரி அப்படியே தொடரும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள ஜாப் ஒர்க்கர் அந்தக் கழிவைத் தானே வரி கட்டி விற்கச் சட்டம் இடம் தருகிறது. அதிகாரிக்குத் தன் கோப்பில் 44-ஐ 40.50 ஆக்கிய வெற்றி கிடைத்தது. எனக்கு ரேட்டில் மிஞ்சியது 94 காசு, தூளில் 5 ரூபாய், நூறு பீஸ் லாட்டால் போகவிருந்த 7.25 ரூபாயிலிருந்தும் தப்பித்தேன்.

ரேட்டைக் குறைக்க வேண்டி வந்தால் குறையுங்கள். வெறுமனே மட்டும் குறைக்காதீர்கள். ஒரு கேட்பு இல்லாமல் இறங்கிய ஒவ்வொரு ரூபாயும், முதலில் சொன்ன விலை பொய் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும், அடுத்த ஆண்டு அதைவிடக் கீழே இருந்து பேச்சு தொடங்கும்.

விலைக் கணக்கைப் பிரித்துத் தரச் சொல்லும் கம்பெனிகள் உண்டு. எந்திர நேரம், செட்டிங் நேரம், மணி ரேட் ஆகிய மூன்றை மட்டும் கொடுப்பது என் பழக்கம். வாடகை, சம்பளம், லாபம் என்று வரிவரியாகப் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொரு வரியிலும் ஒரு கோடு விழும். உங்கள் ஆபரேட்டர் சம்பளத்தை அவர் முடிவு செய்யத் தொடங்குவார். எந்திர நேரத்தை மட்டும் கூட்டிச் சொல்லாதீர்கள். அங்கேயும் லேத் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள், ஒருநாள் ஸ்டாப்வாட்சோடு பட்டறைக்கு வந்துவிடுவார்கள்.

ரிஜெக்ஷன்

தொழில் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், பெயர் வேண்டாம், ஒரு கம்பெனியிலிருந்து 500 காஸ்டிங் எடுத்தேன். கூலி பீஸுக்கு 22 ரூபாய், எல்லாம் வாய்ப்பேச்சு. கடைந்து கொடுத்து இரண்டு மாதம் கழித்து 46 பீஸ் ரிஜெக்ட் என்று டெபிட் நோட் (பிடித்தச் சீட்டு) வந்தது. போய்ப் பார்த்தால் அத்தனையும் புளோ ஹோல்; வார்ப்பின் உள்ளே இருந்த காற்றுத்துளை, மேல்தோலைக் கடைந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். குறை வார்ப்படப் பட்டறையுடையது. ஆனால் 46 பீஸுக்கு என் கூலியும் இல்லை, காஸ்டிங் விலை என்று பீஸுக்கு 180 ரூபாய் வீதம் 8,280 ரூபாய் பிடித்தமும் ஆயிற்று. 454 பீஸுக்கு வர வேண்டிய 9,988 ரூபாயில் கைக்கு வந்தது 1,708. அந்த லாட்டுக்கு வாங்கிய இன்சர்ட் பில்லே அதைவிட அதிகம். ரேட் 22க்குப் பதில் 25 என்று பேசி ஜெயித்திருந்தாலும் இந்த அடியிலிருந்து தப்பியிருக்க முடியாது.

ஆகவே ஆர்டர் எடுக்கும் நாளிலேயே ரிஜெக்ஷனை இரண்டாகப் பிரித்துப் பேசுங்கள். காஸ்டிங் குறையால் ரிஜெக்ட் ஆனால் அதுவரை செய்த மெஷினிங் கூலி நமக்கு உண்டு, காஸ்டிங் விலைப் பிடித்தம் இல்லை. மெஷினிங் குறை என்றால் கூலி இல்லை. ஒரு சதவீதம் அல்லது இரண்டு சதவீதம் வரை காஸ்டிங் விலையும் பிடிக்கக் கூடாது, அதற்கு மேல் போனால் பிடிக்கலாம். குவாலிட்டிக்காரருக்கு இது நியாயமாகவே தெரியும், ஏனென்றால் வார்ப்படப் பட்டறையின் மீது அவர் டெபிட் போட இந்தப் பிரிவினை அவருக்கே தேவை. பர்ச்சேஸ் அதிகாரியிடம் தனியாகக் கேட்டால் தட்டிக்கழிக்கப்படும் இந்தக் கோரிக்கை, குவாலிட்டிக்காரர் உடன் இருக்கும்போது கேட்டால் பெரும்பாலும் நடந்துவிடுகிறது. ரிஜெக்ட் ஆன பீஸைப் பார்க்கவும் திருப்பி எடுக்கவும் உரிமை வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்க்காத பீஸுக்கு டெபிட் ஏற்காதீர்கள்.

ஃபிக்ஸ்சர், கேஜ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனி செலவு என்றால் பொருள் அவர்களுடையது. நம் செலவு என்றால் எத்தனை பீஸ் ஆர்டரில் அந்தத் தொகை திரும்ப வரும் என்ற எண்ணிக்கையை எழுதி வாங்க வேண்டும்.

பணம் வரும் நாள்

இங்கே சட்டம் நம் பக்கம் இருக்கிறது, ஆனால் அதைக் கையாளத் தெரிய வேண்டும். முதல் வேலையை எடுப்பதற்கு முன்பே, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை முடித்துவிடுங்கள். அது இலவசம், காசு கேட்கும் இணையதளங்கள் அரசுடையவை அல்ல. வேலை கொடுத்த பிறகு, பணம் நின்ற பிறகு பதிவு செய்தால் அந்தப் பழைய பில்லுக்குப் பாதுகாப்புக் கேட்பதில் வழக்குச் சிக்கல் வரும். பதிவு எண்ணை இன்வாய்ஸின் தலையில் அச்சடித்துவிட வேண்டும்.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியும் பொருளை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மிகாமல், பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். ‘எங்க கம்பெனியில 90 நாளுங்க’ என்று பர்ச்சேஸ் ஆர்டரில் அச்சடித்திருந்தாலும் சட்டத்தின் முன் அது 45தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. வங்கி விகிதம் 5.5 என்றால் வட்டி 16.5 சதவீதம். பொருளில் குறை என்றால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் டெலிவரி ஆன நாளே ஏற்ற நாள். என் 46 பீஸுக்கு இரண்டு மாதம் கழித்து டெபிட் வந்தபோது இந்த வரி எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இதைவிடக் கூர்மையானது வருமான வரிப் பக்கம். 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த மாற்றம் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது: குறு, சிறு நிறுவனங்களுக்கு மேற்சொன்ன நாளுக்குள் தராமல் ஆண்டு முடிவில் பாக்கி வைத்த தொகையை, உண்மையில் தருகிற ஆண்டில்தான் கம்பெனி தன் செலவாகக் காட்ட முடியும். அதனால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கம்பெனியின் கணக்குப் பிரிவே நம் உத்யம் சான்றிதழைக் கேட்டு போன் செய்கிறது. பணம் பேச ஏற்ற பருவம் அது. ரேட் மாற்றத்தை அக்டோபரில் கேளுங்கள், பழைய பாக்கியை மார்ச்சில் கேளுங்கள். வெறும் வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, நடுத்தர நிறுவனங்களுக்கும் இல்லை. ஜி.எஸ்.டி.யிலும் ஒரு பிடி உண்டு: நம் இன்வாய்ஸ் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், அந்த பில்லில் நாம் போட்ட வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொண்டிருந்தால், அதை அவர்கள் வட்டியோடு திருப்ப வேண்டும். நாமோ பணம் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த மாதமே வரியைக் கட்டியிருப்போம்.

இத்தனை ஆயுதம் கையில் இருக்கிறதே என்று பர்ச்சேஸ் அறையில் சட்டப் பிரிவுகளை ஒப்பிக்கத் தொடங்காதீர்கள். இப்படிப் பேசுகிற வென்டாரின் பெயருக்கு நேரே மனதுக்குள் ஒரு புள்ளி விழும். 45 நாள் தொந்தரவே வேண்டாம் என்று பதிவில்லாத பட்டறைக்கு வேலையை நகர்த்தும் ஆள்களும் இருக்கிறார்கள். சட்டத்தைக் கணக்குப் பிரிவோடு பேசுங்கள், அதுவும் அவர்களுடைய வரிக் கவலையாக: “சார், மார்ச்சுக்குள்ள இந்த மூணு பில்லு முடிச்சிட்டா உங்க ஆடிட்டருக்கும் சௌகரியமுங்க.” 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் பில்லைப் பணமாக்கும் டிரெட்ஸ் என்ற இணையதளத்தில் 2025 மார்ச் 31க்குள் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது விதி, அங்கே நம் பில்லைக் கம்பெனி ஏற்றுக்கொண்டால் வங்கி ஒன்று கழிவு போக உடனே பணம் தரும், கம்பெனி பிறகு பணம் கட்டாமல் போனாலும் வங்கி நம்மிடம் திரும்பி வராது. பதிவு செய்துவிட்டுப் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் கம்பெனிகளிடம், ரேட்டில் 25 காசு குறைத்தாவது பில்களை அதில் ஏற்றச் சொல்லிக் கேட்பது லாபமான பேரம்.

உறவு முறிந்த பிறகுதான் கடைசிப் படி: அரசு இணையதளத்தின் வழியாக, பாக்கித் தகராறை விசாரிக்கும் வசதியாக்கல் மன்றத்துக்குப் போவது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய நான்கு இடங்களில் மன்றம் உண்டு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதைவிட இழுக்கும். தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தபின் கம்பெனி நீதிமன்றத்துக்குப் போக நினைத்தால் தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பதால், மன்றத்தில் மனு ஏறியதுமே சமரசம் பேச வருகிறவர்கள் உண்டு.

எழுத்து

சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக்காரர்கள் ஜவுளி உற்பத்தியாளர்களிடம் பாவு நூலை வாங்கிக் கூலிக்கு நெய்கிறார்கள். நம் தொழிலின் அண்ணன் தம்பிகள் என்றே சொல்லலாம். 2021 நவம்பரில் அமைச்சர்கள் முன்னிலையில் பேசி முடிந்த கூலி உயர்வு நடைமுறைக்கு வராமல், 2022 ஜனவரியில் அவர்கள் மறுபடி தறியை நிறுத்த வேண்டியிருந்தது. அமைச்சர் முன்னிலையில் பேசியதற்கே இந்தக் கதி என்றால், பர்ச்சேஸ் அறையில் டீ குடித்துக்கொண்டே பேசியதற்கு என்ன மதிப்பு என்று யோசியுங்கள். அந்த அதிகாரி ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார், அவர் கொடுத்த வாக்கும் கூடவே போய்விடும்.

பேசிவிட்டு வந்த அன்றே, வண்டியை நிறுத்திய கையோடு, ஒரு மெயில் போட்டுவிடுங்கள். என்னுடையது இவ்வளவுதான் இருக்கும்: “இன்று காலை பேசியபடி, வால்வு பாடி மெஷினிங் ரேட் பீஸுக்கு ரூ. 40.50. ஒரு லாட் 500 பீஸுக்குக் குறையாது. குறைந்தால் செட்டிங் சார்ஜ் ரூ. 900. போரிங் எங்களிடம் இருக்கும். காஸ்டிங் குறையால் ஆகும் ரிஜெக்ஷனுக்கு மெஷினிங் கூலி உண்டு. பணம் 45 நாளில். மின்கட்டணம் மாறினால் ரேட்டைத் திரும்பப் பேசலாம். இதில் மாற்றம் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.” பெரும்பாலும் பதில் வராது. வராததே போதும், பிறகு பேச்சு மாறும்போது திறந்து காட்ட ஒரு தேதி இருக்கிறது. மின்கட்டண வரியை நான் சேர்க்கத் தொடங்கியது 2022 செப்டம்பருக்குப் பிறகு. தமிழ்நாட்டில் கட்டணம் உயர்ந்த அந்த மாதம், ஆண்டு ரேட்டில் மாட்டிக்கொண்ட பட்டறைகள் உயர்வு முழுவதையும் தாங்களே விழுங்கின.

இன்னொரு வாசல்

மேலே சொன்ன எதையும் நிதானமாகப் பேச, முடியாது என்று எழுந்து வர ஓர் இடம் வேண்டும். ஒரே கம்பெனியிடம் மொத்த வேலையில் பாதிக்கு மேல் வாங்காமல் இருப்பது என் கணக்கு. முதல் இரண்டு ஆண்டுகளில் அது நடக்காது, ஆனாலும் மாதம் ஒரு நாளாவது புதுக் கம்பெனி ஒன்றின் படியேறிச் சாம்பிள் கேட்க வேண்டும். நல்ல ஆர்டர் கையில் இருக்கும் மாதத்தில்தான் அதைச் செய்ய வேண்டும், வேலை போன பிறகு போனால் முகத்திலேயே தெரிந்துவிடும். பக்கத்துப் பட்டறைக்காரரும் போட்டியாள் மட்டும் இல்லை. அவரிடம் மில்லிங், நம்மிடம் லேத் என்றால் முழுப் பாகத்தையும் முடித்துத் தருகிறோம் என்று இருவரும் சேர்ந்து ஒரு கம்பெனியிடம் போகலாம்; மூன்று வென்டாரோடு மல்லாடும் பர்ச்சேஸ் அதிகாரிக்கு அது ரேட்டைவிடப் பெரிய நிம்மதி. தொழில் சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள். மின்கட்டணம், வரி, பாக்கி போன்ற பொதுப் பிரச்சினைகளுக்கு அங்கே குரல் கிடைக்கும். ஆனால் உறுப்பினர்கள் கூடி இன்ன வேலைக்கு இன்ன ரேட்டுக்குக் குறையக் கூடாது என்று தீர்மானம் போடுவது 2002ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தில் சிக்கல் தரக்கூடியது என்பதையும் தெரிந்துகொண்டு உட்காருங்கள்.

விட்டுவிடுவது என்று முடிவானால் சண்டை போட்டு விடாதீர்கள். கையிலுள்ள காஸ்டிங்கை முடித்துக் கொடுக்க ஒரு தேதி சொல்லி, அதன் பிறகு இந்த ரேட்டில் இயலாது என்று மெயிலில் தெரிவித்து, கணக்குப் பிரிவிடம் பாக்கி விவரத்தை எழுத்தில் வாங்குங்கள். கம்பெனி கொடுத்த காஸ்டிங் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே நமக்கு விற்றதாக ஜி.எஸ்.டி. சட்டம் கருதும், ஃபிக்ஸ்சருக்கும் ஜிக்குக்கும் அந்தக் காலக்கெடு இல்லை, ஆனாலும் நம் பட்டறை மூலையில் அவற்றை விட்டுவைக்கக் கூடாது, கடைசி பில்லை நிறுத்திவைக்க அது ஒரு சாக்காகிவிடும். மிச்சக் காஸ்டிங், ரிஜெக்ட் பீஸ், ஃபிக்ஸ்சர், கேஜ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி போட்ட டெலிவரி சலானோடு நீங்களே வண்டியில் போங்கள். ஸ்டோர்ஸில் எண்ணி முடிக்கும்வரை நின்று, சலானின் நம் பிரதியில் கையெழுத்தும் சீலும் தேதியும் விழுந்த பிறகு வண்டியைத் திருப்புங்கள்.